மதேய்ச்சே மடாலயத்தில் உதிர்ந்து கிடக்கும் ஓவியத் துண்டுகளைக் காக்கக் கோரும் மனு

நாள்: ஏப்ரல் 2002

அனுப்புநர்:
மதேய்ச்சே ஊர்மக்கள் (அல்பேனியர், மாசிடோனியர், செர்பியர்),
குமனோவோ அருகில்.

பெறுநர்:
மாண்புமிகு பண்பாட்டுத்துறை அமைச்சர் அவர்கள்,
ஸ்கோப்யே, மாசிடோனியா.

பொருள்: மடாலயத்தைச் சுத்தம் செய்வதற்கு முன் வல்லுநர் குழுவை அனுப்பக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊரின் மேலே, கருமலைச் சரிவில் இருக்கும் தேவமாதா மடாலயம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. செர்பியப் பேரரசி யெலேனா தொடங்கிய பணியை அவர் மகன் உரோஷ் முடித்தார். அங்கிருந்து பார்த்தால் குமனோவோ சமவெளி முழுவதும் தெரியும். அந்த உயரம்தான் அதற்கு வினையாக வந்தது.

அரசுப் படைக்கும் அல்பேனியக் கிளர்ச்சியாளர்களுக்கும் நடந்த மோதலில், 2001 மே 3 அன்று வக்சிந்த்செ என்ற ஊரருகே இரண்டு இராணுவத்தினர் கொல்லப்பட்டதும் இராணுவத்தின் பீரங்கித் தாக்குதல் தொடங்கியது. முதலில் வக்சிந்த்செ, ஸ்லுப்சானே. மாத இறுதியில் சண்டை எங்கள் ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. கிளர்ச்சியாளர்களான தேசிய விடுதலைப் படையினர் மடாலயத்தில் நிலைகொண்டனர். இராணுவம் டாங்கிகளையும், உக்ரைனிடம் வாங்கிய ஹெலிகாப்டர்களையும் கொண்டு சுற்றிலும் உள்ள ஊர்களைத் தாக்கியது. குழந்தை குட்டிகளோடு நிலவறைகளில் முடங்கிக் கிடந்தவர்களுக்கு, தலைக்கு மேல் இடிவது யாருடைய குண்டு என்று கேட்கவும் நேரமில்லை. சண்டை ஓய்ந்து வெளியே வந்தால், ஒரு வீடு குண்டுபட்டுச் சரிந்திருந்தது. பக்கத்து வீடு ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கொளுத்தப்பட்டிருந்தது. யார் செய்தது என்ற வழக்கை இந்த மனுவில் நாங்கள் எழுப்பவில்லை. எழுப்பினால் கையொப்பமிட்டவர்களே இரண்டாகப் பிரிந்துவிடுவோம்.

மடாலயத்தின் இன்றைய நிலைக்கு வருகிறோம். உள்ளே சுவர்களில் கரி படிந்திருக்கிறது. ஒரு புனிதரின் அங்கிமேல் கூரான எதையோ கொண்டு எழுத்துகள் கீறப்பட்டிருக்கின்றன. சுவரடியில் சுண்ணச் சாந்துத் துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் வெறும் சாந்து. திருப்பினால் நீலம், சிலவற்றில் பாதிக் கண். அறுநூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஓவியம் இப்போது காலடியில் இருக்கிறது.

எங்கள் அச்சம் இதுதான்: நல்லெண்ணத்தோடு யாராவது வந்து, குப்பை என்று நினைத்துத் துடைப்பத்தால் கூட்டி, தள்ளுவண்டியில் அள்ளிச் சரிவில் கொட்டிவிடுவார்கள். அப்படிக் கொட்டிவிட்டால் எந்த நிதியாலும் அதை மீட்க முடியாது. துண்டு எந்தச் சுவருக்குக் கீழே விழுந்ததோ அதைக் குறித்து, சல்லடையில் சலித்து, பெட்டி பெட்டியாக வைத்தால்தான் பின்னாளில் வல்லுநர்கள் பொருத்திப் பார்க்க முடியும். ஆகவே, கண்ணிவெடி அகற்றுவோர் இடத்தைச் சோதித்து முடித்த பிறகு, ஓவியக் காப்பு வல்லுநர்கள் உள்ளே போகும்வரை வேறு எவரும் அங்கே துடைப்பம் எடுக்கக் கூடாது என்று தாங்கள் எழுத்து வடிவில் ஆணையிட வேண்டுகிறோம். உடைந்த சன்னல்களை மழைக்காலத்துக்கு முன் தற்காலிகமாகவாவது மூடித் தந்தால் போதும். கூரை வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

காவலுக்கு ஆள் இல்லை என்று சொல்ல வேண்டாம். மூன்று சமூகத்திலிருந்தும் ஆட்களை நாங்களே தருகிறோம். மாசிடோனியரும் அல்பேனியரும் சேர்ந்த கலப்புக் காவல் ரோந்து ஊர்களுக்குத் திரும்பும்போது மடாலயத்தையும் அவர்களது பாதையில் சேர்த்தால் நலம்.

நிதி பற்றியும் ஒரு வார்த்தை. மார்ச் 12 அன்று பிரஸ்ஸல்ஸில் கூடிய கொடையாளி நாடுகள் நம் நாட்டுக்கு உதவி அறிவித்திருக்கின்றன. அதில் வீடுகளுக்கே முதலிடம். அது நியாயம்தான், எங்களில் பலர் இன்னும் குமனோவோவில் உறவினர் வீட்டில்தான் இருக்கிறோம். ஆனால் பண்பாட்டுச் சின்னங்களுக்கு ஒதுக்கும்போது ஆகஸ்ட் 21 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட லேஷோக் கிறித்தவ ஆலயத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஆகஸ்டிலேயே பிரிலெப்பில் கும்பல் தீ வைத்த பழைய பள்ளிவாசலும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். அது வேறு ஊர் விவகாரம், நீங்கள் ஏன் பேசுகிறீர்கள் என்று கேட்கலாம். ஒரு தரப்பின் இடிபாட்டை மட்டும் சீர்செய்தால் இந்த ஊரில் எந்தக் காவலும் நிலைக்காது, அதனால்தான் பேசுகிறோம்.

பண்பாட்டுச் சொத்துகளைப் போரில் அரணாகப் பயன்படுத்துவதையும் தாக்குவதையும் தடுக்கும் 1954ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை நம் நாட்டையும் கட்டுப்படுத்துகிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

தேவமாதா பெருநாள் ஆகஸ்ட் 28. அதற்குள் துண்டுகள் பெட்டிகளில் சேர்ந்துவிடும் வகையில் குழுவை அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மதேய்ச்சே ஊர்மக்கள்

இணைப்பு: கையொப்பத் தாள்கள், மடாலய உட்புறப் புகைப்படங்கள்.