தெருமுனை குடிநீர் ஃபில்டர்: ஞாயிறு வேலை

தண்டையார்பேட்டை நண்பர்களே, நம்ம தெருமுனை குடிநீர் மெஷினில் தண்ணீர் நூல் மாதிரி வருவதற்கு மோட்டார் காரணமில்லை, மண், தூசியை வடிக்கும் 5 மைக்ரான் ஃபில்டர் அடைத்துக்கொண்டிருக்கிறது. 10 அங்குல ஃபில்டர்தான், கடையில் எளிதாகக் கிடைக்கும், ஆனால் அதன் கூடு தரையை ஒட்டி உள்ளே தள்ளி இருப்பதால் ஸ்பேனர் திரும்ப இடமே இல்லை, போன தடவை பெட்டியையே கழற்ற வேண்டியதாயிற்று. அதனால்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறோம். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்!

ஞாயிறு காலை 7 மணிக்குக் கூட்டை முன்பக்கம் கொண்டுவந்து, அடியில் ஒரு சாண் இடம் விட்டு, இருபுறமும் வால்வு வைக்கிறோம். அப்புறம் மெயின் தண்ணீர்க் குழாயை மூடாமலே ஃபில்டரை மாற்றிவிடலாம். கூட்டில் ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) தேய்ந்திருந்தால் ஒழுகும், புதிதாக ஒன்று வாங்கியாச்சு. மாற்றிய தேதியைக் கூட்டின் மேலேயே மார்க்கரில் எழுதிவிடுவோம். பிளம்பிங் தெரிந்த அண்ணன் யாராவது வர முடியுமா?