மூன்றாவது வாஷிங் மெஷின்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மாசி மகத்துக்கு இந்த வருஷமும் தேவனாம்பட்டினத்தில் நல்ல கூட்டம். அம்மா மணலில் நடக்க முடியவில்லை என்று ரோட்டிலேயே நின்று சாமி பார்த்துவிட்டு வந்துவிட்டாள். முழங்கால் வலிதான், வேறொன்றும் இல்லை. இதைக் கையால் எழுதி, பக்கத்து வீட்டுப் பையனை விட்டு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பெரிதாக்கிப் படித்துக்கொள்.

போன வாரம் அமெரிக்காவிலிருந்து வீடியோவில் நீ கேட்டதற்கு அப்போது நான் பதில் சொல்லவில்லை. ஓவியப் போட்டியில் பரிசு வாங்கிய என் பேத்தி பாப்பா உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "சில்வர் கீ வந்து என்னப்பா பிரயோஜனம்? கோல்டு வந்தாத்தான் காலேஜ் அப்ளிகேஷன்ல நிக்கும்" என்றாய். கேமரா உன் பக்கம் இருந்ததால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. ஓரத்தில் அவள் நாற்காலி காலியானது மட்டும் தெரிந்தது. நீ பேசிக்கொண்டே இருந்தாய்.

இது என்ன போட்டி, என்ன சாவி என்று பாப்பாவிடமே தனியாகக் கேட்டேன். அவள் அனுப்பிய பக்கங்களையெல்லாம் பிரிண்ட் எடுத்து, இரண்டு நாள் அகராதியும் கையுமாக உட்கார்ந்து படித்தேன். ரிடையர் ஆன டிராயிங் மாஸ்டருக்கு வேறு என்ன வேலை? ஸ்காலஸ்டிக் ஆர்ட் அண்டு ரைட்டிங் அவார்ட்ஸ். 1923-லிருந்து நடக்கிறது. ஏழாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்கு. முதலில் வட்டாரச் சுற்று. அதில் கோல்டு கீ, சில்வர் கீ, அதற்குக் கீழே பாராட்டு என்று தருகிறார்கள். கோல்டு கீ வாங்கியவை மட்டும் தேசியச் சுற்றுக்குப் போகும். அங்கே மெடல் கிடைத்தவர்களுக்கு நியூயார்க் கார்னகி ஹாலில் விழா. ஆண்டி வார்ஹோல் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது இதில் பரிசு வாங்கியிருக்கிறார். பின்னால் சூப் டப்பாவை வரைந்து உலகப்புகழ் பெற்றவர். டப்பா வரைந்தவர் வாங்கிய இடத்தில் வாஷிங் மெஷின் வரைந்தவளும் நிற்கிறாள் என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தப் படத்தை நீ சரியாகப் பார்த்தாயா? உங்கள் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில் துணி துவைக்கிற அறை. வரிசையாக ஆறு மெஷின், கறுப்பு மையில் பேனா வேலை. ஒரு மெஷின் மேல் யாரோ மறந்து வைத்த ஒற்றைச் சாக்ஸ். மூன்றாவது மெஷினின் கதவு மட்டும் பெர்ஸ்பெக்டிவில் ஒரு நூல் தப்பியிருக்கிறது, வட்டம் நீள்வட்டமாகச் சாய வேண்டிய அளவு சாயவில்லை. ஆனால் தரையில் விழுகிற டியூப்லைட் வெளிச்சத்தை அவள் வெள்ளைத் தாளை அப்படியே விட்டே கொண்டுவந்திருக்கிறாள் பார், அதை நான் முப்பது வருஷம் சொல்லிக் கொடுத்தும் என் பிள்ளைகளில் நாலைந்து பேருக்குத்தான் வந்தது. வெள்ளையை விட்டுவைக்கத் தைரியம் வேண்டும். எல்லாரும் நிரப்பத்தான் பார்ப்பார்கள்.

நீ அவளிடம், அடுத்த தடவை கோபுரம், கோலம், பரதநாட்டியம் என்று ஏதாவது நம்ம ஊர் விஷயமாகப் போடு, ஜட்ஜுக்குப் பிடிக்கும் என்று சொன்னாயாம். வேண்டாம் தம்பி. அவர்கள் பெயரைப் பார்க்காமல்தான் மதிப்பிடுகிறார்கள். பார்ப்பதும் மூன்றே விஷயம்: புதுசாக இருக்கிறதா, கைத்திறன் இருக்கிறதா, வரைந்தவரின் சொந்தக் குரல் கேட்கிறதா. பாடலீஸ்வரர் கோயில் கோபுரத்தை அவள் வாழ்க்கையில் மூன்று தடவை பார்த்திருப்பாள், அதில் ஒரு தடவை வெயில் தாங்காமல் அழுதாள். அந்த வாஷிங் மெஷின்களை வாரா வாரம் பார்க்கிறாள். குரல் எதில் வரும்?

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். காலேஜுக்கு இது உதவுமா?

உதவும், ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. பல காலேஜுக்கும் பொதுவாக ஒரே விண்ணப்பமாகப் போடுகிற அந்த காமன் ஆப் படிவத்தைப் பாப்பா எனக்குக் காட்டினாள். விருதுகளுக்கு 5 வரிதான். ஒவ்வொன்றுக்கும் 100 எழுத்து, இடைவெளியும் சேர்த்து. எந்த அளவிலான விருது என்பதற்குக் கட்டம் வேறு: பள்ளி, மாநிலம் அல்லது வட்டாரம், தேசியம், சர்வதேசம். சில்வரானாலும் கோல்டானாலும் சாவி வட்டாரக் கட்டத்தில்தான் விழும். மெடல் வந்தால்தான் தேசியம். நீ நெய்வேலி மாமாவிடம் போனில் "நேஷனல் அவார்டு" என்று சொல்லிவிட்டாய் போல, அவர் இங்கே வந்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாமாவிடம் சொன்னது போகட்டும். படிவத்தில் அப்படி டிக் அடித்துவிடாதே. சாவி எந்தச் சுற்றில் கொடுப்பது என்று அந்தக் காலேஜ்காரர்களுக்குத் தெரியாதா?

இன்னொன்று, காலக்கணக்கு. நீ என்ஜினீயர், இதை எப்படி விட்டாய் என்று தெரியவில்லை. வட்டார முடிவு ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது. தேசிய முடிவு மார்ச்சில். காலேஜ் விண்ணப்பமோ, முன்கூட்டியே போடுவது பெரும்பாலும் நவம்பர் 1, மற்றது ஜனவரி முதல் வாரம். அப்படியானால் பன்னிரண்டாவதில் அவள் அனுப்புகிற படத்துக்குக் கோல்டே வந்தாலும் விண்ணப்பம் போன பிறகுதான் வரும். பிறகு ஒரு கடிதம் போட்டுத் தெரிவிக்கலாம், அவ்வளவுதான். பதினொன்றாவது வரைக்கும் அவள் கையில் என்ன இருக்கிறதோ அதுதான் அந்த 5 வரியில் ஏறும். அதில் இந்தச் சில்வர் ஒன்று. நீ பிரயோஜனம் இல்லை என்றாயே, அதுதான்.

யங்ஆர்ட்ஸ் என்று மயாமியில் 1981-ல் ஆரம்பித்த ஒன்றையும் சொன்னாள். அது 15 முதல் 18 வயதுக்காரர்களுக்கு, ஓவியம், இசை, நடனம், எழுத்து எல்லாம் உண்டு. அதில் தேறியவர்களிலிருந்துதான் அமெரிக்க ஜனாதிபதி பெயரில் கொடுக்கிற கலை விருதுக்குப் பரிந்துரைக்கிறார்கள், நாடு முழுக்க 20 பேர். அந்த அளவுக்குப் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பார்கள்தான். மற்றபடி, ஒரே மாதிரி மார்க்கில் பத்துப் பிள்ளைகள் நிற்கும்போது ஒரு சாவி கொஞ்சம் முன்னால் தள்ளிவிடும். மார்க் இல்லாத பிள்ளையைத் தூக்கிவிடாது.

ஓவியக் கல்லூரி என்றால் கதையே வேறு. ரோட் ஐலண்டு ஸ்கூல் ஆஃப் டிசைனில் 12 முதல் 20 படம் வரை கேட்கிறார்கள். அங்கே படங்கள்தான் பேசும், சாவி மூலையில் உட்கார்ந்திருக்கும். எம்.ஐ.டி. மாதிரி இடத்தில்கூட விருப்பப்பட்டவர்கள் ஓவியத் தொகுப்பு அனுப்பலாமாம். அவள் எங்கே போவதானாலும் கையில் ஒரு பதினைந்து நல்ல படம் வேண்டும். இப்போது எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். ஆறு என்றாள். பிறகு யோசித்து, நாலு என்றாள். இரண்டைத் தானே கழித்துவிட்டாள். தேறிவிடுவாள்.

நீ மாதம் 600 டாலர் கொடுத்துச் சேர்க்கப் போகிற அந்தக் கோச்சிங் சென்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பரிசு வாங்கிய படங்களைச் சுவரில் மாட்டி வைத்து, அதே மாதிரி வரையச் சொல்லி, கடைசியில் மாஸ்டர் "ஃபினிஷிங் டச்" கொடுப்பாராம். எனக்கு இது புதுசு இல்லை. டவுன்ஹாலில் எத்தனை போட்டிக்கு நான் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். வீட்டிலிருந்து வரைந்து கொண்டுவருகிற பிரிவில், பிள்ளையின் கோடு எங்கே முடிந்தது, அப்பாவின் கோடு எங்கே ஆரம்பித்தது என்று மேசையிலிருந்து நாலடி தள்ளி நின்றே சொல்லிவிடலாம். கண்ணும் மூக்கும் மட்டும் நாற்பது வயசாக இருக்கும், காது எட்டு வயசாக இருக்கும். நாங்கள் ஒன்றும் சொல்ல மாட்டோம். தாளைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததைப் பார்ப்போம். இப்போது இங்கே இன்னொன்று கிளம்பியிருக்கிறது, உலக சாதனை. ஐந்நூறு பிள்ளைகளைக் கிரவுண்டில் உட்கார வைத்து ஒரே நேரத்தில் ஒரே படத்தை வரையச் சொல்வது, தலைக்கு ஆயிரம் ரூபாய், எல்லாருக்கும் சான்றிதழ், கேடயம். நம்ம தெருவிலேயே மூன்று உலக சாதனையாளர்கள் இருக்கிறார்கள். அதில் ஒருவன் நேற்று என் சைக்கிளில் மோதினான்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். கேட்க வேண்டும். 1998 ஜூலை உனக்கு ஞாபகம் இருக்கும். அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்குக்குத் திண்டிவனம் வழியாகப் பஸ்ஸில் போனோம். உன் பதினேழு ஓவியச் சான்றிதழையும் லேமினேட் செய்து, பச்சை ஃபைலில் வரிசையாக வைத்து நான்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மார்க்கும் நுழைவுத் தேர்வும் சேர்த்து 300-க்குக் கட்-ஆஃப். மேசையில் இருந்தவர் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் மூன்றையும் பார்த்தார். நான் ஃபைலை நீட்டினேன். "ஸ்போர்ட்ஸா?" என்றார். இல்லைங்க, டிராயிங் என்றேன். ஒன்றும் சொல்லாமல் என் பக்கமே தள்ளி வைத்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு அதற்கு ஒரு கட்டமே கிடையாது. இன்றைக்கும் நம்ம ஊர் என்ஜினீயரிங் கவுன்சலிங்கில் விளையாட்டுக்கு இடம் உண்டு, ஓவியத்துக்குக் கிடையாது. சென்னை ஐஐடியில் மட்டும் 2025-லிருந்து கலையில் தேர்ந்தவர்களுக்கு என்று ஒவ்வொரு பி.டெக். பிரிவிலும் 2 இடம் வைத்திருக்கிறார்கள், அதற்கும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தேறியிருக்க வேண்டும். பேப்பரில் பார்த்தபோது கத்தரித்து வைத்தேன். யாருக்கு என்று தெரியவில்லை, வைத்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன்னிடம் சொன்னேன், பார்த்தாயல்லவா, இதுக்கு அஞ்சு பைசா மதிப்பு இல்லை, இனிமேல் மூட்டை கட்டு என்று. அதற்கு முன்னால், பாண்டிச்சேரி பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படிக்கச் சேர்கிறேன் என்று நீ இரண்டு தடவை கேட்டதையும் நான்தான் மறுத்தேன். என் டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டு திருப்பித் தராத பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் இருந்தவன் நான். என் பிள்ளை அந்த நாற்காலியில் உட்கார வேண்டாம் என்று நினைத்தேன். அதற்கப்புறம் பாண்டி பஸ்ஸில் அந்தப் பல்கலைக்கூடம் இருக்கிற அரியாங்குப்பம் வரும்போதெல்லாம் நீ தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வாய். நீ தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

உன் படங்களையும் அந்தப் பச்சை ஃபைலையும் ஒரே அட்டைப் பெட்டியில் போட்டு மாடி ஷெட்டில் வைத்திருந்தேன். 2011 டிசம்பர் 30, தானே புயல். விடியற்காலையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பறந்து எங்கேயோ போய்விட்டது. மழை விட்டு மேலே போய்ப் பார்த்தால், உன் வாட்டர்கலர் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகிவிட்டது. உப்பனாற்றுப் படகு, அம்மா அரிசி புடைக்கிறது, ஓ.டி. (ஓல்டு டவுன்) மீன் மார்க்கெட், எதையும் பிரிக்க முடியவில்லை. பதினேழு சான்றிதழும் துடைத்தால் பளபளவென்று இருந்தது. லேமினேட் செய்திருந்தேன் அல்லவா? உன்னிடம் போனில் மரம் விழுந்ததைச் சொன்னேன், பலா போனதைச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

ஃபைலில் இடமில்லை என்று நான் உன் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி வைத்தேன். ஃபைலில் இடமிருக்கிறது என்று நீ அவள் கையில் திணிக்கிறாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை தம்பி. நீ என்னிடம் கற்றுக்கொண்டதுதான்.

அந்த 600 டாலரில் அவளுக்கு நல்ல தாளும் மையும் வாங்கிக் கொடு. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் ஊர் ரயில் நிலையத்தில் இறக்கிவிடு, இரண்டு மணி நேரம் கழித்துக் கூட்டிவா. கேள்வி கேட்காதே. அடுத்த வருஷமும் போட்டிக்கு அனுப்பட்டும், அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு தேதிக்குள் ஒரு படத்தை முடிப்பது நல்ல பழக்கம். முடிவு வருகிற அன்றைக்கு மட்டும் நீ முதலில் வாயைத் திறக்காதே.

கோடை விடுமுறைக்கு அவளைத் தனியாகவாவது அனுப்பு. அம்மா வடகம் போட ஆள் இல்லை என்கிறாள், அது சாக்கு. ஓ.டி. துறைமுகத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குப் படகு வருகிற நேரத்துக்குக் கூட்டிப்போகிறேன். வரைந்தால் வரையட்டும், இல்லையென்றால் மீன் வாங்கிக்கொண்டு வருவோம்.

அந்த வாஷிங் மெஷின் படத்தின் அசல் அவளுக்கு வேண்டாம் என்றால் எனக்கு அனுப்பச் சொல். மடிக்க வேண்டாம், குழாயில் சுருட்டி அனுப்பு. லேமினேட் செய்துவிடாதே. மூன்றாவது மெஷின் கதவைப் பற்றி நீ ஒன்றும் சொல்லாதே, நானே போனில் சொல்லிக்கொள்கிறேன். மருமகளுக்கு எங்கள் ஆசி.

அன்புடன்,
அப்பா