ஸ்பானியத்தில் ‘வசிப்பதும்’ ‘தங்கியிருப்பதும்’

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளிவரும் ஸ்பானிய மொழிப் பாடத்தில், ‘விவோ என் வலென்சியா’, ‘எஸ்தோய் விவியெந்தோ என் வலென்சியா’ ஆகிய இரு தொடர்களுக்கும் ‘வலென்சியாவில் வசித்து வருகிறேன்’ என்று ஒரே பொருள் தரப்பட்டிருந்தது. (இதிலுள்ள ‘என்’ நம்முடைய ‘என்’ அன்று, ‘இல்’ உருபின் வேலையைச் செய்வது.) கப்பல் வேலையையும் வெளிநாட்டுப் படிப்பையும் எண்ணி அம்மொழியைக் கற்கும் பிள்ளைகள் எங்கள் கீழக்கரைப் பக்கத்திலும் இருப்பதால், இதைத் திருத்த வேண்டும் எனக் கருதுகிறேன்.

முதல் தொடர் சாதாரண நிகழ்காலம். ஒருவருடைய குடியிருப்பு எங்கே என்பதை மட்டும் கூறும். இரண்டாவது, ‘எஸ்தார்’ என்னும் துணைவினையோடு (‘நான்’ என்பதற்கு அது ‘எஸ்தோய்’ ஆகும்), ‘இயெந்தோ’ என முடியும் எச்சவடிவம் சேர்ந்து அமைவது. ‘ஆர்’ என முடியும் வினைகளாயின் ‘ஆந்தோ’ வரும். வசித்தலைக் குறிக்கும் வினை இவ்வடிவில் வரும்போது, இந்த இருப்பு நிலையானதன்று, இப்போதைக்கு மட்டுமே என்ற குறிப்பு பெரும்பாலும் கூடவே வருகிறது. ஆகவே ‘தங்கியிருக்கிறேன்’ என்பதே அதற்கு நெருக்கமான தமிழ். ‘மேற்கண்ட முகவரியில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன்’ என்று வட்டாட்சியருக்கு மனு எழுதுபவர், நிலைத்த குடியிருப்பையே சொல்கிறார். பாடத்தில் தரப்பட்ட பொருள் ஏறக்குறைய எதிர்த்திசையில் போய்விட்டது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், மே மாதத்தை ஒட்டிக் கொல்லத்துக்குப் போய் வேலை பார்க்கும் பாம்பன் விசைப்படகுத் தொழிலாளி, ‘விவோ என் பாம்பன்’ என்றும் ‘எஸ்தோய் விவியெந்தோ என் கொல்லம்’ என்றும் ஒரே மூச்சில் சொல்லலாம்; இரண்டும் முரண்படா. ஆனால் இவ்வேறுபாட்டை நாள்கணக்காக மட்டும் புரிந்துகொள்ளக் கூடாது. 2022ஆம் ஆண்டு இலங்கைப் பொருளாதார நெருக்கடியின்போது படகேறித் தனுஷ்கோடி வந்து மண்டபம் முகாமில் சேர்க்கப்பட்ட ஒருவர், ஊர் திரும்பும் எண்ணத்தை விடாதவரை, எத்தனை ஆண்டு சென்றாலும் ‘எஸ்தோய் விவியெந்தோ’ என்றே சொல்லக்கூடும். முகாமிலேயே பிறந்து அதையே தம் ஊராகக் கொண்டுவிட்டவர் ‘விவோ’ என்பார். அரசுப் பதிவேடு அவரை எப்படிக் குறிக்கிறது என்று அந்த வினைவடிவம் கேட்பதில்லை. பேசுபவர் தம் இருப்பை எப்படிக் கருதுகிறார் என்பதே அதற்குப் போதும்.

அதற்காக, தற்காலிகம் என்றாலே இவ்வடிவம் கட்டாயம் என்று கற்பித்துவிடவும் வேண்டாம். ‘இப்போதைக்கு’ எனப் பொருள்படும் ‘போர் அவோரா’வைச் சேர்த்து ‘விவோ’ என்றாலும் சரியே. ‘பத்தாண்டுகளாக இங்கே வசிக்கிறேன்’ என்பதற்கு ‘யெவோ தியெஸ் அன்யோஸ் விவியெந்தோ அக்கீ’ என்ற தனி அமைப்பு உண்டு. ஆங்கிலப் பழக்கத்தில், நாளைய பயணத்தைச் சொல்லவும் ‘எஸ்தோய்’ வடிவை எடுப்பது நம் மாணவர்களிடம் பரவலான பிழை. ஸ்பானியத்தில் அங்கே சாதாரண நிகழ்காலமே வரும்.

அடுத்த பாடத்திலேயே இத்திருத்தத்தை, இரு தொடர்களையும் அருகருகே அச்சிட்டு, வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கீழக்கரை, இராமநாதபுரம் மாவட்டம்.