முன்னாள் மாணவர் சங்கம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. பதிவுத் துறைக்குக் கொடுக்க வேண்டிய கணக்கும் உறுப்பினர் பட்டியலும் கொடுத்தாயிற்று. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போவது எல்லா வருஷமும் நடப்பதுதான்.

இந்த ஆண்டின் முக்கியமான செய்தி நம் சங்கத்தின் இளைய உறுப்பினர் ஒருவரைப் பற்றியது. 2024 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழுக்களை மறுகட்டமைப்பு செய்தார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். இந்த முறை முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு என்றதும், நம் பெரியவர்கள் சிலருக்கு ஆசை வந்தது உண்மை. கடைசியில் தருமபுரியில் கல்லூரி படிக்கும் நம் தங்கை ஒருவர் போனார். ‘சின்னப் பொண்ணு, ஹெச்.எம். எதிரில் வாயைத் திறக்குமா’ என்று கேட்டவர்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

முதல் கூட்டத்திலேயே அவர் கேட்டது இது: “பெத்தவங்க இருக்காங்க, வாத்தியாருங்க இருக்காங்க, நாமளும் இருக்கோம். படிக்கிற பிள்ளைங்களுக்காக யார் பேசறது?”

பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டி பள்ளியில் முன்பே இருந்தது, ஆனால் தலைமை ஆசிரியர் அறை வாசலை ஒட்டி மாட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் நின்று எந்தப் பிள்ளை சீட்டுப் போடும்? ஆசிரியர்களிடம் பேசி, பெட்டியை மாடிப்படி ஓரத்துக்கு மாற்ற வைத்தார். அடுத்த முறை திறந்தபோது ரஃப் நோட்டில் கிழித்த சீட்டுகள் நிறைய இருந்தன. பெயர் எதிலும் இல்லை. ஒன்றை அப்படியே தருகிறேன்: “மூணாவது பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்ல. ரெண்டு பேரா போறோம், ஒருத்தி வெளிய நிப்பா. அதுக்கு பயந்து தண்ணியே குடிக்கறதில்ல.” வேறு வேறு கையெழுத்தில் இதே விஷயம் பல சீட்டுகளில் வந்திருந்தது.

அந்த நேரத்தில் நாம் பள்ளிக்கு நுழைவு வளைவு கட்ட நிதி திரட்டிக்கொண்டிருந்தோம். நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்வெட்டும் திட்டத்தில் உண்டு. தங்கை செயற்குழுவுக்கு வந்து அந்தச் சீட்டுகளை மேஜையில் பரப்பி வைத்தார், பேசவில்லை. காரசாரமான விவாதம் நடந்தது. இரண்டு பேர் எழுந்தே போய்விட்டார்கள். முடிவில் வளைவு தள்ளிவைக்கப்பட்டது. கழிப்பறைக் கதவு, தாழ்ப்பாள், குழாய், விளக்கு முதலில் சரி செய்யப்பட்டன. வளைவு கேட்டவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் எடுத்த முடிவு சரி என்பதே என் கருத்து.

இன்னொரு சீட்டில் “சில நாள் தண்ணி உப்பா இருக்கு” என்று இருந்தது. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது சாதாரணப் புகார் இல்லை. உப்பு என்றால் போர் தண்ணீரோ என்ற பயம் வரும்; இங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையும், வயதானால் மூட்டு மடங்காமல் போவதும் நம் வீடுகளிலேயே பார்த்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர அளவு. இதற்காகத்தான் 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. தங்கையும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் ஒரு நோட்டுப் போட்டுத் தினமும் குறித்துவந்ததில் விஷயம் பிடிபட்டது. ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரை அதே தொட்டியில் ஏற்றிவிடுகிறார்கள். இப்போது குடிக்க மட்டும் தனி சின்டெக்ஸ் தொட்டி வைத்தாயிற்று.

பிள்ளைகள் அதோடு விடவில்லை. ஊராட்சியில் அனுமதி வாங்கி, விடுமுறை நாட்களில் தெருத்தெருவாகப் போய், போர் குழாய்க்குச் சிவப்பும் ஒகேனக்கல் குழாய்க்குப் பச்சையும் பெயின்ட் அடித்தார்கள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று சொன்ன பாட்டிகளிடம், காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும் என்று ஒரு பையன் பொறுமையாக விளக்கியதை நானே நின்று பார்த்தேன். ஒரு பாட்டி “எங்க வாத்தியாரு கூட இதச் சொல்லலியே சாமி” என்றார். அந்தப் பையனுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு ஆள் சேர்வதுதான் இன்னும் பெரும்பாடு. பாதிப் பேர் பெங்களூரில் கட்டட வேலை. பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம். ஊரில் இருக்கிற அம்மாக்கள் வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகிறது. அதனால் தங்கை நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே சாப்பாட்டு நேரத்தில் போய்க் கருத்துக் கேட்டு வந்து கூட்டத்தில் சொல்கிறார். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குக் கல்யாணப் பேச்சு நடப்பது அப்படித்தான் தெரியவந்தது. குழந்தைகள் உதவி எண் 1098க்குத் தகவல் போனது. அவள் பரீட்சை எழுதினாள். இதற்கு மேல் விவரம் அறிக்கையில் வேண்டாம்.

நடக்காததும் உண்டு. பள்ளி விட்ட ஐந்தாவது நிமிஷமே டவுன் பஸ் போய்விடுகிறது. அடுத்தது இருட்டுகிற நேரத்தில். மனு கொடுத்தோம், நேரம் மாறவில்லை. நட்ட புங்கன் கன்றுகளில் பாதியை ஆடு தின்றுவிட்டது. கூண்டு போட்டவை மட்டும் நிற்கின்றன.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, பஸ் நேரத்துக்காகப் பெற்றோர் கையெழுத்தோடு மீண்டும் மனு. இரண்டு, நம் செயற்குழுவில் இருபத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட இருவருக்கு இடம், அதில் ஒருவர் பெண். இரண்டாவதற்குத் துணைவிதியில் திருத்தம் தேவை. வளைவு பற்றிய முடிவும் இந்தப் பொதுக்குழுவுடையதே. விவாதத்துக்கு விடுகிறேன்.