எங்கள் இரண்டு பெண்களுக்கும் துணை நின்றவர்களுக்கு

தண்டையார்பேட்டையிலும் காசிமேட்டிலும் எங்கள் வீட்டுக்கு இத்தனை நாளாகத் துணை நிற்கும் எல்லோருக்கும் வணக்கம். நேரில் நன்றி சொன்னால் "இதுக்கெல்லாம் எதுக்கும்மா" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள், அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எனக்கு மறுமணம் ஆனது உங்களுக்குத் தெரியும். என் மகள் ஏழாவது, என் கணவருடைய மகள் எட்டாவது. ஒரே பள்ளிக்கூடம், ஒரே வீடு, ஒரே பீரோ. ஒருத்திக்கு அப்பா இல்லை, இன்னொருத்திக்கு அம்மா இல்லை, அந்த இடத்தில் வேறு ஆளைப் பார்க்க இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை. அது நியாயம்தான். "அவ உன் சொந்த அக்காவா?" என்று யாராவது கேட்டுவிட்டால் சின்னவள் அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கொண்டுவந்துவிடுவாள்.

முதல் நன்றி பெரியவளின் வகுப்பு மிஸ்ஸுக்கு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் ஒரு பையன் பேரை எழுதிச் சுற்றிலும் பூப் போட்டிருந்ததை, உயிருக்குயிராகப் பழகிய தோழியே வகுப்பு முழுக்கக் காட்டிவிட்டாள். ஒரே கிண்டல், தோழியோடும் பேச்சு நின்றுபோனது. நீங்கள் அதை யார் முன்னாலும் படிக்கவில்லை, பஞ்சாயத்தும் வைக்கவில்லை. அந்தப் பக்கத்தை உள்ளே மடித்து அவள் கையிலேயே கொடுத்து, "ஒருத்தரைப் பிடிக்கிறது தப்பில்ல, நோட்டு மட்டும் உன் பையிலயே இருக்கட்டும்" என்றீர்களாம். அப்புறம் தோழியையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறீர்கள். பள்ளிக் கல்வி உதவி எண் 14417, குழந்தைகளுக்கான 1098 இரண்டையும் எழுதிக்கொள்ளச் சொல்லி, வீட்டில் சொல்ல முடியாததையும் அங்கே சொல்லலாம் என்றீர்களாம். எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. இதையெல்லாம் பெரியவள் என்னிடம் சொல்லவில்லை, ராத்திரி படுக்கையில் சின்னவளிடம் சொல்லியிருக்கிறாள். அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

காசிமேட்டு ஆயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! பெற்ற மகளைப் பறிகொடுத்த வீட்டில் இன்னொருத்தி அடுப்படியில் நிற்பதைப் பார்க்க எவ்வளவு வலித்திருக்கும். ஆனாலும் சங்கரா மீன் வாங்கி வந்து, உங்கள் பேத்திக்கு எப்படிக் குழம்பு வைத்தால் பிடிக்கும் என்று பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தீர்கள். ஆடி வெள்ளிக்குத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு இரண்டு பேரையும் கூட்டிப்போய், ஒரே மாதிரி பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டுவிட்டீர்கள். பார்க்கிறவர்களிடம் "ரெண்டும் என் பேத்திங்கதான்" என்று நீங்கள் சொன்னதைச் சின்னவள் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

கேரம் மாஸ்டர், உங்களுக்கும்தான். 2024-ல் நம்ம வடசென்னைப் பெண் காசிமா அமெரிக்காவில் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதிலிருந்து சின்னவளுக்குக் கேரம் பைத்தியம். அக்காவையும் வரச்சொல்லி, இரண்டு பேரையும் டபுள்ஸில் ஜோடியாக்கியது நீங்கள். ஜோடிகள் எதிரெதிரே உட்கார வேண்டும் இல்லையா, முகம் பார்க்காமல் இருந்தவர்கள் மணிக்கணக்கில் எதிரும் எதிருமாக உட்கார்ந்தார்கள். ஒருத்தி சிவப்புக் காயைக் குழியில் போட்டுவிட்டு, அது செல்ல அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காயைத் தவறவிட்டால் மற்றவளுக்குக் கோபம் வரும், வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சண்டை. சண்டை போடுகிற அளவுக்காவது பேச ஆரம்பித்தார்களே!

பக்கத்து வீட்டு அக்கா, தோழியின் அம்மா, உங்கள் இரண்டு பேரையும் மறக்கவில்லை. பிள்ளைகள் சண்டையில் பெரியவர்கள் மூக்கை நுழைக்காமல் கதவை மட்டும் திறந்து வைத்திருந்தீர்கள். தோழி இப்போது மறுபடி வீட்டுக்கு வருகிறாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் இரண்டு பேரும் ஜோடியாக ஆடுகிறார்கள். எல்லோரும் வாங்க, மதியம் நம்ம வீட்டில்தான் சாப்பாடு, ஆயாதான் குழம்பு.