அமெரிக்க உழவரின் சிரிப்பையும் தமிழில் தாருங்கள்

அமெரிக்காவைப் பற்றித் தமிழில் எழுதியும் மொழிபெயர்த்தும் வரும் இதழாசிரியர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் எங்களுக்குக் காட்டும் அமெரிக்காவில் வெள்ளை மாளிகையும் பங்குச் சந்தையும் மென்பொருள் நிறுவனங்களும் நிறைந்திருக்கின்றன. கோதுமை விதைப்பவரும் பால் கறப்பவரும் மரம் வெட்டுபவரும் தேர்தல் காலத்தில் மட்டும், அதுவும் வாக்குக் கணக்காக, தலைகாட்டுகிறார்கள். அந்த மக்கள் தங்கள் பாடுகளைத் தாங்களே சொல்லிச் சிரித்த கதைகள் ஏராளமாக உள்ளன. அவற்றை உரிய விளக்கத்தோடு வெளியிட வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

1930-களின் புழுதிப் புயல்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரின்போது கோதுமை விலை ஏறியதால், ஓக்லஹோமா, டெக்சஸ், கான்சஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ மாநிலங்கள் கூடும் சமவெளியில், மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்வெளியை உழுது விளைநிலமாக்கினார்கள். பின்னர் விலை வீழ்ந்தது, மழையும் பொய்த்தது, பிடிப்பில்லாத மண் காற்றோடு கிளம்பியது. 1935 ஏப்ரல் 14 அன்று வந்த புயல் பகலையே இருட்டாக்கியதால் அந்த நாளுக்குக் ‘கறுப்பு ஞாயிறு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அந்தச் சமவெளியில் ஒரு விவசாயியின் மேல் ஒரே ஒரு மழைத்துளி விழுந்ததாம். அதிர்ச்சியில் மயங்கிய அவரைத் தெளிவிக்க முகத்தில் இரண்டு வாளிப் புழுதியை வாரி இறைக்க வேண்டியிருந்ததாம். கண்ணில் மண் விழாமலிருக்கப் பறவைகள் பின்னோக்கிப் பறந்தனவாம். நிலத்தை ஈடாக வைத்துக் கடன் கேட்ட இன்னொருவரிடம், நிலத்தை நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று வங்கிக்காரர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சன்னலுக்கு வெளியே புழுதி திரண்டு எழ, “நீங்கள் வர வேண்டியதில்லை, அதோ நிலமே வருகிறது” என்றாராம் அந்த விவசாயி. மேல்மண் போனது, கடன் ஏறியது, ஈடு காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை என்னும் மூன்று உண்மைகளையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிற இக்கதையை, வெறும் துணுக்காக ஒரு மூலையில் அச்சிடுவது அதைச் சொன்னவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

இந்த மரபு இன்னும் அற்றுப்போகவில்லை. லாட்டரியில் பத்து லட்சம் டாலர் விழுந்த விவசாயியிடம் இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால், “பணம் தீரும் வரை விவசாயம் செய்வேன்” என்று அவர் சொல்லும் கதை இன்றும் அங்கே வழங்குகிறது. 1980-களில் வட்டி உயர்ந்து, நில மதிப்புச் சரிந்து, பல குடும்பங்கள் பண்ணைகளை இழந்த வரலாற்றை அருகில் வைத்தால்தான் அதன் கூர்மை நம் வாசகருக்குப் புலப்படும்.

தேர்வில் கவனமும் வேண்டும். மரவெட்டிகளின் முகாம்களில் பிறந்த பால் பனியன் என்னும் அசுர மரவெட்டியின் கதைகளை நாடறியப் பரப்பியதில், ரெட் ரிவர் மர நிறுவனம் 1914 முதல் வெளியிட்ட விளம்பரச் சிற்றேடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. தொழிலாளர் தமக்குள் சொன்னதையும் நிறுவனம் மெருகேற்றி விற்றதையும் பிரித்துக் காட்டுங்கள். கிராமத்து நகைச்சுவை என்றதும் வெள்ளையரின் கதைகளோடு நின்றுவிடவும் வேண்டாம். கறுப்பின எழுத்தாளரும் நாட்டாரியல் ஆய்வாளருமான ஜோரா நீல் ஹர்ஸ்டன், பிளாரிடாவின் மர முகாம்களில் தொழிலாளர் ஒருவரை ஒருவர் விஞ்சிச் சொன்ன கதைகளைத் திரட்டியிருக்கிறார். எசமானனை மதியால் வெல்லும் ஜான் என்னும் அடிமையின் கதைகள் அம்மக்களிடையே வழங்கியவை. தமிழில் முதலில் வர வேண்டியவை அவைதாம் என்பது என் எண்ணம். பழைய தொகுப்புகளில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் துணுக்குகளும் கலந்திருக்கின்றன. அவற்றைச் சிரிப்புக்காக மறுபடி அச்சிட வேண்டாம்.

மூலங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த எழுத்தாளர்களுக்கு வேலை தர 1935-இல் அந்நாட்டு அரசு தொடங்கிய கூட்டாட்சி எழுத்தாளர் திட்டம், எளிய மக்களைத் தேடிச்சென்று அவர்கள் வாழ்வைப் பதிவு செய்தது. 24 மாநிலங்களில் 300-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள் எழுதிய ஏறத்தாழ 2,900 ஆவணங்களை அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

இன்று வாழ்பவர்களிடமும் கேட்க வேண்டும். 2022-ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி அமெரிக்க விவசாயிகளின் சராசரி வயது 58.1. தேர்தல் செய்திக்காக அயோவாவுக்கோ கான்சஸுக்கோ செல்லும் உங்கள் செய்தியாளர், யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்ட பிறகு, தானியக் கிடங்கிலும் காலை நேரக் காப்பிக் கடையிலும் இன்னும் சற்று நேரம் அமர்ந்து, அவர்கள் சொல்லும் கதைகளையும் எழுதிக்கொண்டு வரட்டும். ஒவ்வொரு கதையோடும் சொன்னவரின் தொழில், ஊர், அந்த ஆண்டின் விளைச்சல் நிலை ஆகியவற்றையும் தவறாமல் அச்சிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்