கிவிட்டப்

கோபி,
புதன் இரவு

அன்புள்ள மலருக்கு,

நேற்று போனில் உன் குரல் ரொம்பச் சோர்ந்திருந்தது. ஏழாம் வகுப்புக்கு ஆங்கில வீடியோ போட்டாய், பிள்ளைகள் படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்டால் ஒரு வாக்கியம்கூட வரவில்லை என்றாய். அவர்களுக்குச் சொல் தெரியும் கண்ணு. கண்ணுக்குத் தெரிந்தது காதுக்கு இன்னும் பழகவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டேப் ரெக்கார்டரில் ஒரு பாட்டைப் போட்டேன். கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து, "டீச்சர், கிவிட்டப்னா என்ன?" என்றான். 'கிவ்', 'இட்', 'அப்' மூன்றும் அவன் நன்றாக அறிந்தவை. கரும்பலகையில் பிரித்து எழுதியதும், "அட, இதுதானா!" என்றான். அவன் சரியாகத்தான் கேட்டிருக்கிறான்; பாடியவர் வாயிலிருந்து அப்படித்தான் வந்தது. மணியும் ஓசையும் சேர்ந்தால் நாம் 'மணியோசை' என்று சேர்த்தே எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் வாய் சேர்க்கிறது, தாள் பிரித்தே வைக்கிறது. நம் பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான்.

ஆங்கிலம் தாய்மொழியானவர்களுக்கும் இது நடக்கும். சில்வியா ரைட் என்ற அமெரிக்க எழுத்தாளருக்குச் சிறு வயதில் அவர் அம்மா ஸ்காட்லாந்துக் கதைப்பாட்டு ஒன்றைப் படித்துக் காட்டுவாராம். அதில் வரும் 'லெய்ட் ஹிம் ஆன் த கிரீன்' (அவனைப் புல்வெளியில் கிடத்தினார்கள்) என்பது அவர் காதில் 'லேடி மாண்டெகிரீன்' என்று ஒரு சீமாட்டியின் பெயராக விழுந்திருக்கிறது. 1954இல் அதை அவர் எழுதியபின், இப்படி மாறிக் கேட்கும் பாட்டுவரிக்கே 'மாண்டெகிரீன்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. உன் பிள்ளைகளுக்கு இதைச் சொல், தெம்பு வரும்.

முழு வீடியோ வேண்டாம், அரை நிமிடம் போதும். முதலில் திரையை மூடிவிட்டு ஒலி மட்டும். கேட்டதைத் தமிழ் எழுத்தில் எழுதட்டும், தடுக்காதே. எந்தெந்தச் சொல் ஒட்டிக் கேட்கிறது என்று அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்புறம் படத்தோடு. சப்டைட்டில் கடைசியில். யூடியூபில் வேகத்தை 0.75 வைத்துக்கொள்ளலாம், ஆனால் முடிக்கும்முன் ஒரு தடவை இயல்பான வேகத்திலும் போடு. கோடிட்ட இடத்துக்கு 'எலிஃபன்ட்' மாதிரிச் சொல்லை எடுக்காதே, அது யாருக்கும் கேட்கும். 'ஆஃப்', 'டு', 'ஃபார்' இவற்றை எடு. பேச்சில் அமுங்கிப் போவது அவைதான்.

பாட்டில் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், கூச்சப்படும் பிள்ளையும் கூட்டத்தோடு வாய் திறக்கும். ஆனால் மெட்டுக்காகச் சொல்லை இழுப்பார்கள், அழுத்தம் இடம் மாறிவிடும். பாடி முடித்ததும் அதே வரியைப் பேசச் சொல்.

டிவியின் சத்தம் பின் பெஞ்சுக்கு எட்டாது. என் பழைய ஸ்பீக்கரை அப்பா துடைத்து, ஒயர் மாற்றி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தாளவாடி பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறோம். ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கொள் சாமி.

அம்மா